புண் ஆறியும் ஆறாத வலி

நம் ஆலயத்திற்கு வரும் பெரியவர்களிடம் நலம் விசாரித்தால், பத்துப் பேரில் பாதிப் பேராவது ஏதாவது ஒரு வலியைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. முழங்கால் வலி, இடுப்பு வலி, உள்ளங்கால் எரிச்சல், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் குடைச்சல் என்று பட்டியல் நீளும். சொல்லி முடித்ததும், "என்ன செய்வது, வயதாகிவிட்டது, வினைப்பயன்" என்று தாங்களே ஒரு முடிவுரையும் கூறிவிட்டுச் சந்நிதிக்குள் போய்விடுவார்கள். வினைப்பயனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வைத்தியம் இருக்கின்ற ஒரு நோயை வினையின் கணக்கில் எழுதி மூடிவிடுவது எனக்கு உடன்பாடானதன்று.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நிர்வாகக் குழுவில் இருக்கின்ற காரணத்தால், நம் பக்தர்களுள் மூவரை வெவ்வேறு காலங்களில் வலி நிவாரணக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒருவர் பூமாலை தொடுக்கும் அம்மையார். இன்னொருவர் ஓய்வு பெற்ற எழுத்தர். வெள்ளிக்கிழமைதோறும் தேவாரம் பாடுபவர். மூன்றாமவர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அங்கே டாக்டர்கள் விளக்கியதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் மாணவர்களுக்குச் சொல்வது போலவே இங்கு சொல்கிறேன்.

இரண்டு வகை வலி

கையில் கத்தி பட்டால் வலிக்கிறது. அது நன்மைக்கே. வலி இல்லையென்றால் கையை எடுக்க மாட்டோம். இதைப் பள்ளிக்கூட மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் வந்ததும் அடிக்கிறது, பிள்ளைகள் வெளியே வந்ததும் நின்றுவிடுகிறது. ஆனால் மணியின் பொத்தான் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். காயம் ஆறி, எலும்பு கூடி, கொப்புளம் உதிர்ந்த பின்னும் நிற்காத வலி அத்தகையது. மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், நாட்பட்ட வலிக்கே தனி இடம் தந்திருக்கிறது. அதாவது, வலியை வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் பாராமல், சில நேரங்களில் அதையே ஒரு நோயாகவும் கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இதில் நரம்பே பழுதுபட்டு உண்டாகும் வலிக்குச் சில அடையாளங்கள் உண்டு. எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, தொட்டாலே வலிப்பது, அதே இடத்தில் மரத்துப் போயிருப்பது. சாதாரண வலி மாத்திரைகள் இவ்வகை வலிக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. கடையில் வாங்கிய மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கிவிட்டு, "மருந்தெல்லாம் சாப்பிட்டுப் பார்த்தாயிற்று" என்று சொல்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. முழங்கை மேசையில் இடித்துக்கொண்டால் உடனே அவ்விடத்தைத் தேய்த்து விடுகிறோம். வலி குறைகிறது. ஏன்? 1965ஆம் ஆண்டு மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையைச் சுமந்து வரும் தடித்த நரம்பிழைகளும், வலியைச் சுமந்து வரும் மெல்லிய இழைகளும் முதுகுத் தண்டில் ஒரே வாசலுக்கு வந்து சேருகின்றன. தொடுகை முண்டியடித்து நுழைந்தால் வலி வெளியே காத்து நிற்கிறது. தைப்பூசத்தன்று காவடிக் கூட்டம் நுழையும்போது நாம் வாசலில் ஒதுங்கி நிற்கிறோமே, அப்படி. இக்கொள்கையைப் பின்னால் பலர் திருத்தியிருக்கிறார்கள். ஆயினும் வலி என்பது காயத்திலிருந்து மூளைக்கு நேராகப் போகும் தந்தி அன்று, வழியில் அதைக் கூட்டவும் குறைக்கவும் இடங்கள் உண்டு என்ற உண்மை நிலைத்துவிட்டது. இன்று செய்யப்படும் சிகிச்சைகள் யாவும் இவ்வழியில் ஏதாவது ஓர் இடத்தில் குறுக்கிடுபவையே. ஆகவே "எந்த ஊசி நல்ல ஊசி?" என்று கேட்பதைவிட, "என் வலி எங்கிருந்து புறப்படுகிறது?" என்று கேட்பதே முறை.

அக்கியும் அதற்குப் பின்னும்

மாலை தொடுக்கும் அம்மையாருக்கு முதலில் வந்தது அக்கி. விலாவின் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கொப்புளங்கள். நம் ஊர்களில் அக்கிக்குக் காவியால் எழுதும் வழக்கம் உண்டு. மலாய்க்காரர்கள் இதனைக் கயாப் என்பர். சீனர்களோ பாம்பு என்று சொல்லி, தலையும் வாலும் இடுப்பைச் சுற்றிக் கூடிவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுவர். மூன்று இனத்தாரும் இதைக் கண்டு பயந்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி. உண்மையில் இது சிறு வயதில் வந்த சின்னம்மையின் கிருமி. அம்மை இறங்கினாலும் அது உடலை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் ஒளிந்திருந்து, வயதாகி உடம்பின் எதிர்ப்பு குறையும் காலத்தில் அந்த நரம்பின் வழியாகவே வெளிவருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போல் தோன்றுகிறது.

கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மருந்துகளைத் தொடங்குவதே சிறந்தது. காவி பூசுவதால் பெரிய தீங்கு இல்லை. அதற்காகக் காத்திருக்கும் மூன்று நாள்தான் தீங்கு. கண்ணருகே வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, பார்வைக்கே கேடு வரலாம். இப்போது 50 வயதைக் கடந்தோருக்கு இரண்டு தவணையாகப் போடும் தடுப்பூசியும் இருக்கிறது. செலவு சற்று அதிகமே. இருந்தாலும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அம்மையாருக்குக் கொப்புளம் உதிர்ந்து நான்கு மாதமாகியும் வலி போகவில்லை. "வாத்தியாரே, சேலை முந்தானை பட்டாலே நெருப்பை வைத்த மாதிரி இருக்கிறது" என்றார். தோலில் ஒரு தழும்பும் இல்லை. வீட்டார் நம்பவில்லை, நடிப்பு என்றுகூட மருமகள் சொன்னாராம். கிளினிக்கில் அவருக்கு இரவில் போடும்படி அமிட்ரிப்டிலின் என்னும் மாத்திரையைச் சிறிய அளவில் கொடுத்தார்கள். அது மனச்சோர்வுக்குத் தரும் பழைய மருந்து என்று யாரோ மகனிடம் சொல்ல, "என் அம்மாவுக்கென்ன பைத்தியமா?" என்று அவர் கோபித்து மாத்திரையை நிறுத்திவிட்டார். மீண்டும் அழைத்துச் சென்று டாக்டரையே விளக்கச் சொன்னோம். நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் கொடுக்கும்போது அது முதுகுத் தண்டில் வலியைத் தணிக்கும் வேலையைச் செய்கிறது, மனநோய்க்காகத் தரப்படுவதன்று. கபாபென்டின், பிரிகாபலின் முதலியனவும் இப்படியே. இவை வலிப்பு நோய்க்காக வந்த மருந்துகள், நரம்பு வலிக்கும் உதவுகின்றன. மயக்கம், தள்ளாட்டம் வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்துத்தான் தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கிச் சாப்பிடுவது நம்மவர்களிடம் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தோலிலேயே செய்யும் வைத்தியமும் உண்டு. மரப்பு மருந்து தடவிய ஒட்டுத்துணி ஒன்று. மற்றொன்று மிளகாயின் காரச்சத்தைச் செறிவாக ஏற்றிய ஒட்டுத்துணி. மருத்துவமனையில் வைத்தே ஒட்டுவார்கள். எரிகிற இடத்தில் மிளகாயா என்று திகைக்க வேண்டாம். தோலில் உள்ள நரம்பு நுனிகளைக் காரம் களைப்படையச் செய்து, பல வாரங்களுக்கு உணர்விழக்க வைக்கிறது. காரத்தையும் சூட்டையும் நரம்பு ஒரே கதவால் உணருகிறது என்று 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021ஆம் ஆண்டு நோபல் பரிசு, இன்னோர் அறிஞருடன் பகிர்ந்து, வழங்கப்பட்டது. மிளகாய் கடித்தால் வாய் "எரிகிறது" என்று நம் முன்னோர் சொன்னது வெறும் உவமை இல்லை போலும்.

பல்வலி அல்லாத பல்வலி

எழுத்தர் ஐயாவின் கதை இன்னும் வேதனையானது. வலது கன்னத்தில் மின்சாரம் தாக்கியது போன்ற வெட்டு, சில விநாடிகள், நாளைக்குப் பல தடவை. பல் துலக்கினால் வரும், சவரம் செய்தால் வரும், காற்று பட்டாலும் வரும். பல்வலி என்று எண்ணி மூன்று பற்களைப் பிடுங்கிக்கொண்டார். மூன்றும் நல்ல பற்கள். வலி அப்படியே இருந்தது. வாயைத் திறந்தால் வெட்டு வரும் என்று பயந்து தேவாரம் பாடுவதை நிறுத்தினார், பிறகு சாப்பிடுவதையும் குறைத்தார். ஆறு மாதத்தில் சட்டை தொங்கும் அளவுக்கு மெலிந்துவிட்டார்.

இது முகத்தின் முக்கிளை நரம்பில் வரும் வலி. மூளையின் அடியில் இந்நரம்பு புறப்படும் இடத்தில் ஒரு இரத்தக் குழாய் அதன்மேல் சாய்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். வயரின் மேலுறை தேய்ந்தால் தீப்பொறி பறப்பது போல், நரம்பின் உறை தேய்ந்து வலி பறக்கிறது. முதல் மருந்து கார்பமாசெபின். பெரும்பாலோருக்கு நன்கு கேட்கும். ஆனால் ஆசிய மக்களில் சிலருக்கு, ஒரு குறிப்பிட்ட மரபணுக்கூறு இருந்தால், இம்மருந்தால் உடல் முழுதும் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். 2004இல் தைவானில் சீனர்களிடம் இத்தொடர்பு முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் தெரிய வந்தது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசியர் ஒருவருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இரத்தத்தில் இதைச் சோதிப்பது நடைமுறையாக உள்ளது. நாமும் டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. மருந்து தொடங்கிய வாரங்களில் காய்ச்சல், வாய்ப்புண், தோலில் சிவப்பு கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து கேட்காவிட்டால் மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. காதின் பின்புறம் சிறு திறப்புச் செய்து, சாய்ந்திருக்கும் இரத்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கி, இடையில் டெஃப்லான் பஞ்சு வைப்பது ஒன்று. 1960களில் அமெரிக்க டாக்டர் பீட்டர் ஜானெட்டா நுண்ணோக்கியின் துணையால் இதை நிலைநாட்டினார். அவருடைய குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் சுமார் 70 விழுக்காட்டினர் மருந்தில்லாமலே வலியற்று இருந்தனர். நோயின் காரணத்தையே நீக்குவதால் பலன் நீண்ட காலம் நிற்கிறது. ஆனால் தலையைத் திறக்கும் அறுவை. அப்பக்கத்துக் காது கேளாமை, அரிதாகப் பக்கவாதம் ஆகிய ஆபத்துகளும் உண்டு.

இருதயம் பலவீனமானவர்களுக்கும் மிக முதியவர்களுக்கும் வேறு வழி. கன்னத்தின் வழியாக ஊசியைச் செலுத்தி, கபாலத்தின் அடியில் நரம்பு கடந்து வரும் துளையை அடைந்து, அங்கே ஒரு குட்டிப் பலூனை ஊதி ஏறத்தாழ ஒரு நிமிடம் நரம்பை அழுத்துவார்கள். அதே துளை வழியாக நரம்பைச் சூட்டால் சுடுவதும் உண்டு. கதிர்வீச்சைக் குவித்துச் செய்வதும் உண்டு; பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். இவையெல்லாம் நரம்பைச் சிறிது சேதப்படுத்தியே வலியை அடக்குகின்றன. ஆகையால் கன்னம் மரத்துப்போகும். சில ஆண்டுகளில் வலி திரும்பவும் கூடும்.

எழுத்தர் ஐயாவுக்கு இருதயக் கோளாறு இருந்ததால் பலூன் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் நான் பார்த்தபோது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "பல் டாக்டர் மரப்பு ஊசி போட்ட மாதிரி இருக்கிறது சார், அவ்வளவுதான்" என்றார். உதட்டோரம் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. உச்சரிப்பில் சிறு தடங்கல் வந்ததைக் கண்டு முதலில் கூச்சப்பட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் கேளாமலே தாளத்தைக் கையில் எடுத்தார்.

முதுகில் ஊசி

தோட்டத்தில் காண்டா சுமந்த தலைமுறைக்கு முதுகு வலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரு பக்கமும் பால் வாளி, மேடும் பள்ளமுமான வழி, பல்லாண்டுகள். அதற்குத் தோட்டத்து டிரஸர் கொடுத்தது ஒரு களிம்பும் ஒரு வெள்ளை மாத்திரையும். நான் குறிப்பிட்ட மூன்றாமவருக்கு ஊசி என்றதுமே முகம் வெளுத்துவிட்டது. "முதுகுல ஊசி போட்டா கால் விழுந்துடும்னு சொல்றாங்களே?" என்றார். நம் மக்களில் பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது.

எல்லா முதுகு ஊசியும் ஒன்றன்று. வட்டு பிதுங்கி நரம்பின் வேரை நெருக்கி, வலி இடுப்பிலிருந்து கால்வரை இறங்கினால், வேரைச் சுற்றி ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவார்கள். வீக்கம் தணிந்து சில வாரங்களோ மாதங்களோ ஆறுதல் கிடைக்கலாம். நிரந்தரத் தீர்வு அன்று. அந்த இடைவெளியில் எழுந்து நடமாடிப் பயிற்சி செய்தால்தான் பயன். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுவோர் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். முதுகுத் தண்டின் அருகே இரத்தம் கசிந்து கட்டினால்தான் கால் விழும் ஆபத்து. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. எத்தனை நாள் நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். எக்ஸ்ரே திரையில் ஊசியின் நுனியைப் பார்த்தபடியே இதைச் செய்கிறார்கள், குருட்டாம்போக்கில் குத்துவதில்லை.

அவருக்கு வலி வட்டிலிருந்து வரவில்லை, முதுகெலும்புகளுக்கிடையே உள்ள சிறு மூட்டுகள் தேய்ந்திருந்தன. இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு முறையைக் கண்டேன். முதலில் அம்மூட்டுகளின் நரம்புகளுக்கு வெறும் மரப்பு மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். அது வைத்தியம் அன்று, பரீட்சை. சில மணி நேரம் வலி பெரிதும் குறைந்தால், வலி புறப்படும் இடம் அதுதான் என்று தெரிகிறது. குறையாவிட்டால் வேறெங்கோ தேட வேண்டும். பரீட்சையில் தேறிய பிறகே, வானொலி அலை மின்சாரத்தால் அந்த நரம்பிழையைச் சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்றரை நிமிடம்போல் சுட்டார்கள். கால் அசைவுக்கான நரம்பு வேறு, இது வேறு. சுடுமுன் சிறு மின்சாரம் விட்டு அதையும் உறுதி செய்துகொள்கிறார்கள். நரம்பு மறுபடி வளரும் என்பதால் வலி பின்னர் திரும்பலாம். அவருக்குப் பத்தாம் மாதம் திரும்பியது. மீண்டும் ஒரு முறை செய்துகொண்டார். இப்போது அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்க மற்றவர்களோடு தரையில் சப்பணமிட்டு உட்காருகிறார்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, காலில் திடீர்ப் பலவீனம் ஆகியவை முதுகு வலியோடு சேர்ந்தால் கிளினிக் தேதிக்குக் காத்திராதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனிப்பு நீர்க் கால்களும் இல்லாத கால்களும்

நம் சமுதாயத்தை அதிகம் வாட்டுவது இனிப்பு நீரால் வரும் உள்ளங்கால் எரிச்சல். இரவில் போர்வை பட்டாலும் எரியும் அதே கால், பகலில் ஆலயப் பிரகாரத்தின் சுடுகல்லை உணராது. எரிச்சலும் மரப்பும் ஒரே நரம்புப் பழுதின் இரண்டு முகங்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், மேலே சொன்ன மாத்திரைகளும் முதல் படி. எதற்கும் அடங்காத சிலருக்கு, முதுகுத் தண்டின் அருகே மெல்லிய மின்கம்பியைப் பதித்து, தோலுக்கடியில் ஒரு சிறு மின்கருவியை வைக்கும் சிகிச்சை உண்டு. 1967ஆம் ஆண்டு டாக்டர் நார்மன் ஷீலி தொடங்கிய முறை இது; இனிப்பு நீர் நரம்பு வலிக்கென அமெரிக்காவில் 2021இல் அனுமதி பெற்றது. முதலில் ஏறக்குறைய ஒரு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பதிப்பார்கள். விலை சாமானியர்களுக்கு எட்டாதது.

எட்டுகின்ற விலையில் ஒன்றையும் சொல்கிறேன். காலை எடுத்த பிறகும் அந்தக் கால் இருப்பது போலவும், அது முறுக்கி வலிப்பது போலவும் தோன்றும் கொடுமை பலருக்கு உண்டு. இதைச் சொன்னால் பேய் பிடித்ததாக நினைப்பார்களோ என்று மறைத்து விடுகிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கின்ற காலின் பிம்பம், இழந்த காலின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை மெல்ல அசைக்கச் சொல்வார்கள். மூளை, முறுக்கிய கால் விரிந்துவிட்டதாக நம்புகிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. சிலருக்கு வலி கணிசமாகக் குறைகிறது. உடற்பயிற்சி நிபுணரின் மேற்பார்வையில் தொடங்குவது நல்லது.

ஜாமு என்ற பெயரில்

இரவுச் சந்தையில் விற்கும் வலி மருந்துப் பொட்டலங்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. ஜாமு, மூலிகை என்று பெயர் போட்ட சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உருண்டையாகும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், தோல் மெலியும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் மயங்கி விழுந்து உயிருக்கும் ஆபத்தாகலாம். ஆகவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பொட்டலத்தோடு டாக்டரிடம் செல்ல வேண்டும். திட்டுவாரே என்று ஒளிக்க வேண்டாம்.

ஊசியோ கருவியோ எதுவும் வலியை முழுதாக அழித்துவிடும் என்று எந்த நல்ல டாக்டரும் வாக்குத் தரவில்லை. பத்துக்கு எட்டாக இருந்த வலி நான்காகக் குறைந்து, மனிதர் கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்தால் அதை வெற்றி என்கிறார்கள். செலாயாங் மருத்துவமனையில் மெனாங் என்ற பெயரில், அதாவது மலாயில் வெற்றி என்ற பொருளில், வலியோடு வாழ்வோருக்கு இரண்டு வாரப் பயிற்சி நடத்தினார்கள். உடற்பயிற்சி, தூக்கம், பயத்தைக் குறைத்தல், வேலையைப் பகுதி பகுதியாகச் செய்தல் என்பவையே பாடம். ஓராண்டுக்குப் பின்னும் பலன் நிலைத்தது என்று 2012இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். அறுபது வயதில் மறுபடி மாணவராவது எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது என்பதில் ஓர் ஆசிரியனாக எனக்குத் தனி மகிழ்ச்சி.

அரசாங்க மருத்துவமனையின் வலி கிளினிக்கிற்குச் செல்லப் பரிந்துரைக் கடிதம் தேவை. சுகாதாரக் கிளினிக்கில் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் மாத்திரைதான் கிடைக்கும். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரத்திற்கு எழுதி வையுங்கள்: வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது, எரிகிறதா வெட்டுகிறதா மரக்கிறதா, எதனால் கூடுகிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, என்னென்ன மாத்திரை, தைலம், ஜாமு. எழுதச் சிரமப்படுவோருக்கு உதவவும் கடிதம் கேட்க உடன் வரவும் நான் தயார். வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்ததும் ஆலய அலுவலகத்தில்தான் இருப்பேன். மாத்திரைப் பொட்டலங்களை மறக்காமல் எடுத்து வாருங்கள்.